கண்ணாடி பதித்த மதில்

செவ்வந்திக்குக் கோபம் மூக்கின்மேல் என்பது கல்லூரி முழுக்கத் தெரிந்த சங்கதி. உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகும் சாலையில் அந்தப் பழைய வீட்டின் முன் ஆட்டோவை விட்டு இறங்கிய அன்று அந்தக் கோபத்துக்கு நியாயமான காரணமும் இருந்தது. வீட்டுக்காரர் மோகன் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு விசாரணை நடத்தினார். முதல் கேள்வி, எந்த ஊர். இரண்டாவது கேள்வி, ஊரில் எந்தப் பக்கம்.

"திருமுக்கூடல் சார். ஆத்தோரம்."

"ஆத்தோரம்னா?"

"ஆத்தோரம்னா ஆத்தோரந்தான் சார்" என்று சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவரைத் தாண்டி உள்ளே போய்விட்டாள். பின்னால் வந்த பரிமளா கழுத்துச் சிலுவையை முன்னமே சுடிதாருக்குள் போட்டு மறைத்திருந்தாள். கீதா மட்டும் விவரம் புரியாமல் அவருக்கு ஒரு வணக்கம் வைத்தாள்.

மூவரும் நர்ஸிங் கடைசி வருஷம். நல்ல விடுதியை விட்டுவிட்டு இந்த இருட்டு வீட்டுக்கு வந்ததற்குக் காரணம் இன்டர்நெட்தான். ஜெர்மனியில் ஒரு மருத்துவமனை சென்னை ஏஜென்சி மூலமாக நர்ஸ்களை எடுத்துக்கொண்டிருந்தது. போன முறை செவ்வந்தி விடுதி மொட்டை மாடியில் நின்று போனில் நேர்காணல் கொடுத்தாள். பாதியில் படம் உறைந்துவிட்டது. அவள் கத்திக் கத்திப் பேசியது ஒரு வார்த்தைகூட அங்கே போய்ச் சேரவில்லை. "அடுத்த தடவ பாக்கலாம்மா, இன்னும் ஒரே ஒரு இடம்தான் மீதி இருக்கு" என்றார் ஏஜென்சி ஐசக் சார். அந்த ஒரு இடம் தவறினால் அவளுக்கு மாமன் மகன் மஞ்சள் கயிறோடு தயாராக இருந்தான். அவன் குடிப்பான். அதுவும் ஊருக்கே தெரிந்த சங்கதி.

வீடு பெரியதுதான், ஆனால் பகலிலேயே விளக்குப் போட வேண்டும். பின்கட்டில் ஒரு கம்பி ஜன்னல். வெளியே கொல்லை, கொல்லை முடிவில் ஆள் உயர மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு பாழுங்கிணறு, அதைத் தாண்டி வயல், வயலைத் தாண்டி காலனி. மதிலின் தலை முழுக்கக் கண்ணாடிச் சில்லு பதித்திருந்தது. ஒரே ஒரு இடத்தில் மட்டும், ஓர் ஆள் உட்காரும் அகலத்துக்கு, சில்லே இல்லை. அங்கிருந்து பெயர்ந்தவை கீழே மண்ணில் கிடந்தன.

"அந்த எடத்துல மட்டும் நிக்கவே மாட்டேங்குது. எத்தினி வாட்டி பதிக்கிறது? கொரங்கு தொல்ல" என்று மோகன் முணுமுணுத்தார்.

எந்த இணைப்பு வாங்குவது என்று மூவருக்கும் சண்டை வந்தது. கீதா கடையிலிருந்து சிம் போடும் பெட்டி ஒன்றை இரவல் வாங்கி வந்தாள். அந்தச் சுவர்களுக்குள் அது சும்மா கண்ணைச் சிமிட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பஜாரில் கேபிள்காரர்கள் இரண்டு பேர். ஒருவர் ஆறு மாதத்துக்கு முன்பணம் கட்டினால் வைஃபை பெட்டி இலவசம் என்றார். இன்னொருவர் மாதாமாதம் கட்டினால் போதும், பெட்டியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். பெட்டிக்கு எங்கே போவது என்று மூவரும் விழித்தபோது மோகன் வள்ளலாகிவிட்டார்.

"அதுக்கு ஏம்மா தண்டம் அழுவணும்? மச்சுல பழசு ஒன்னு கீது. கரோனா அப்போ எங்க பொண்ணு படிக்கிறதுக்கு வாங்கினது. எடுத்துக்குங்க."

கேபிள்காரரிடமிருந்து பெஞ்சமின் என்று ஓர் இளைஞன் ஒயர் சுருளோடு வந்தான். கம்பத்திலிருந்து லைன் இழுத்துக் கூடத்தில் பெட்டியை மாட்டி ஓடவிட்டான். போனை எடுத்துப் பார்த்தான். 'மோகன் இல்லம்' என்று வைஃபைக்குப் பழைய பெயரே வந்திருந்தது. பெட்டியின் முதுகில் பாஸ்வேர்டும் பழைய பேனா எழுத்தில் ஒட்டியிருந்தது.

"பேர மாத்திடலாமே தங்கச்சி. பாஸ்வேர்டும் புதுசா போட்டுக்குங்க."

"இன்னா பேரா இருந்தா இன்னாண்ணா? ஓடினா சரி. அப்படியே வுடு" என்றாள் செவ்வந்தி.

அவன் டீ குடிக்காமல் கிளம்பினான். ஏணியைக் கொல்லையில் விட்டிருந்தான். அதை எடுக்க அவன் போகவில்லை, கீதாவைப் போய் எடுத்துவரச் சொன்னான்.

அன்று மாலை நெட் பறந்தது. மறுநாள் காலை ஜெர்மன் மொழி வகுப்பு தொடங்கியதும் படுத்துவிட்டது. செவ்வந்தி கூடத்தில் உட்கார்ந்தாள், வாசலில் உட்கார்ந்தாள், பெட்டியின் காலடியிலேயே உட்கார்ந்தாள். எங்கும் இல்லை. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க அலைந்து கடைசியில் பின்கட்டு ஜன்னலுக்குப் போனாள். அங்கே மட்டும் தங்குதடையில்லாமல் ஓடியது. பெட்டி இருக்கும் இடத்தில் வராமல், மூன்று சுவர் தாண்டி எப்படி வரும் என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

ஜன்னல் வழியாக ஒரு வாடை வந்தது. வார்டில் புண்ணின் பழைய கட்டைப் பிரிக்கும்போது வரும் வாடை. மூவருக்கும் பழகியதுதான், ஆனால் கொல்லையில் ஏன் அது வர வேண்டும்?

பிறகு குரல்.

"மேடம்… கேக்குதா?"

மெதுவான குரல். யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்று அடக்கிப் பேசுகிற குரல்.

"மேடம், நான் பேசறது கேக்குதா?"

செவ்வந்தி எட்டிப் பார்த்தாள். கொல்லையில் யாரும் இல்லை. வெயிலில் மதில் காய்ந்து கிடந்தது. சில்லு இல்லாத அந்த இடம் மட்டும், யாரோ இப்போதுதான் எழுந்து போனது போல, ஈரமாக இருந்தது.

"எவளோ மதிலுக்கு அந்தாண்ட குந்திக்கினு கிளாஸ் கேக்கறாடி" என்றாள் கீதா.

"நம்ம நெட்டுல! அதான் இங்க ஒன்னியும் ஓடல!" செவ்வந்திக்கு உச்சந்தலைவரை ஏறிவிட்டது. நேர்காணலுக்கு இன்னும் நாளே இல்லை, அதற்குள் ஓசியில் உட்கார்ந்து உறிஞ்ச ஒருத்தி வந்துவிட்டாளா? அந்த நிமிஷமே பாஸ்வேர்டை மாற்றினாள். அதோடு விடவில்லை. சாலைக்கு எதிர்ப்பக்கம் புதிதாகக் கட்டிய மாடி வீட்டிலிருந்த மோகனிடம் போய்ச் சொல்லிவிட்டும் வந்தாள்.

மோகனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "காலனி பசங்கதான். இன்னும் வுடலியா அதுங்க?"

சிமென்ட்டும் காலி பாட்டில்களுமாகத் தாமே கிளம்பி வந்தார். சாக்கில் போட்டு ஒவ்வொரு பாட்டிலாக உடைத்தார். விருந்துக்கு இலை போடுகிறவர் மாதிரி அவ்வளவு ஆசையாக ஒவ்வொரு சில்லையும் முனை மேலே பார்க்க நட்டார். செவ்வந்தி சாந்துச் சட்டியைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றாள். காலனி பசங்க என்று அவர் சொன்னது அவள் நெஞ்சில் சுருக்கென்று தைத்தது உண்மைதான். அவளுடைய ஆத்தோரமும் அதுபோல ஒரு ஓரம்தான். ஆனால் அன்றைக்குக் கோபத்தின் சத்தம் பெரிதாக இருந்தது.

மறுநாள் காலையில் மதிலில் ஒரு சில்லும் இல்லை.

அத்தனையும் பின்கட்டு ஜன்னலுக்குக் கீழே, வீட்டுக்குள் கிடந்தன. ஈர சிமென்ட் ஒட்டிக்கொண்டிருந்தது.

கதவு தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

நெட் அடியோடு செத்துவிட்டது. பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. கீதா எதையும் பார்க்க மாட்டேன் என்று துணி துவைக்கப் போனாள். கொஞ்ச நேரத்தில் அவள் அலறல் கேட்டு மற்ற இருவரும் ஓடினார்கள். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள். உள்ளங்கை இரண்டும் குறுக்கே கிழிந்து ரத்தம் ஒழுகியது. துவைக்கிற கல்லிலும் துணியிலும் அவர்கள் தேடிய வரைக்கும் ஒரு சில்லுகூட இல்லை.

பரிமளா கட்டுப் போட உட்கார்ந்தாள். பஞ்சைத் தொட்டவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

அவள் உள்ளங்கையும் கிழிந்திருந்தது.

"நான் எதையும் தொடலடி" என்று கிசுகிசுத்தாள். "செவ்வந்தி, இந்தக் காயத்தப் பாரு. கைய ஊணி எம்பும்போது படற காயம் இது."

செவ்வந்தி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கீறல்கூட இல்லை. அவளை மட்டும் விட்டு வைத்திருந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. கீதாவும் பரிமளாவும் தையல் போட அரசு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். கூட வருகிறேன் என்றவளை, "இன்னிக்கு மத்தியானம் உனக்கு இன்டர்வியூ. லைனப் பாரு" என்று பரிமளா தடுத்துவிட்டாள்.

பெஞ்சமினுக்குப் போன் போட்டாள். வந்தான், ஆனால் கேட்டுக்கு வெளியே வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான்.

"லைன் நல்லாதான் கீது. நான் உள்ள வரமாட்டேன்."

"ஏன் வரமாட்ட? இன்னா நடக்குதுண்ணா இந்த வூட்ல? ரெண்டு பேரு கையக் கியிச்சுக்கினு தையல் போடப் போயிருக்காளுங்க. தெரிஞ்சும் சொல்லாம போன இல்ல நீ?"

அவன் அவளை நேராகப் பார்த்தான். "சாந்துச் சட்டி புடிச்சுக்கினு நின்னது நீதான? வயக்காட்டுலேர்ந்து எங்க ஆளுங்க பாத்தாங்க. ஊர்க்காரப் பொண்ணுன்னு நெனச்சேன். உன்னாண்ட இன்னாத்த சொல்றது?"

"நான் ஊர்க்காரி இல்லண்ணா" என்றாள். வாயைத் திறந்து அதைச் சொன்னது இந்த ஊருக்கு வந்து அன்றுதான் முதல் முறை.

அவன் வண்டியின் ஸ்டாண்டைப் போட்டான்.

"திவ்யான்னு எங்க தெருப் பொண்ணு. உங்க படிப்புதான், மொத வருஷம். கரோனால கிளாஸ் பூரா போன்லயே நடந்துச்சு. எங்க பக்கம் சிக்னலே கெடையாது. இந்த வூட்டுக்காரன் பொண்ணும் அதுவும் பள்ளிக்கூடத்துல ஒன்னா படிச்சதுங்க. அந்தப் பொண்ணுதான் நைசா பாஸ்வேர்டு குட்த்துச்சு. திவ்யா காலைல அந்த மதில்மேல ஏறிக் குந்திக்கினு பாடம் கேக்கும். இந்தாளு பாத்துட்டான். திட்டியிருக்கலாம், தொரத்தியிருக்கலாம். ஒரு வார்த்த சொல்லல. சாயங்காலமே சில்லு பதிச்சிட்டான். மறுநா விடியறதுக்கு முன்ன, இருட்டுல, அது எப்பவும்போல கைய ஊணி எம்பியிருக்குது…"

அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான்.

"ரெண்டு கையும் கியிஞ்சு, புடி வுட்டு, பின்னால கெணத்துல வுயுந்துச்சு. திருட வந்துச்சுன்னு ஊர்ல பேசிக்கினாங்க. அதும் போனு மட்டும் கெடைக்கவே இல்ல. பழைய பேரு, பழைய பாஸ்வேர்டு. அதுக்குத்தான் நான் மாத்தச் சொன்னேன். தெரிஞ்ச நெட்டு வந்தா போனு தானா புடிச்சுக்கும் இல்ல?"

அவன் போனபின் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மதியத்திலேயே வீடு இருண்டுவிட்டது. நேர்காணல் நேரம் நெருங்கியது, பெட்டியில் சிவப்பு விளக்கு மாறவில்லை. கனமழை பிடித்துக்கொண்டது. இனி காஞ்சிபுரம் பஸ்ஸைப் பிடித்து வேறு இடம் போகவும் வழியில்லை.

செவ்வந்தி கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு மழையில் இறங்கினாள். அவளுக்கு எல்லோர்மேலும் கோபம். மோகன்மேல், சட்டி பிடித்த தன் கைமேல், கடைசியில் செத்துப்போனவள்மேலும்.

"ஏய்! உன்னக் கொன்னவன் அதோ ரோட்டுக்கு அந்தாண்ட மாடி வூடு கட்டிக்கினு வயிறு முட்டத் துன்னுட்டுத் தூங்கறான். அவனாண்ட போவ மாட்ட. கீதா கை கியியணும், பரிமளா கை கியியணும். உனக்குக் கெடச்சது எங்க கைதானா? எங்களாண்டதான் உன் வீரமா?"

மழை இன்னும் வலுத்தது.

மதிலின் மற்றப் பகுதியில் பழைய சில்லுகள் இன்னும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றன. பக்கெட்டைக் கவிழ்த்து ஏறி, சுத்தியலால் அடித்தாள். மதிலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை அடித்துத் தள்ளினாள். தெறித்த சில்லு உள்ளங்கையைக் கிழித்தது. அதையும் பார்க்கவில்லை. பிறகு ஈரத் துணியோடு உள்ளே வந்து, பாஸ்வேர்டைப் பழையபடியே மாற்றி வைத்தாள்.

"இந்தா. எடுத்துக்கோ. எனக்கும் கொஞ்சம் வுட்டு வை."

சிவப்பு விளக்கு அணைந்தது.

பச்சை வந்தது.

பின்கட்டு ஜன்னலோரம் பெஞ்சில் கணினியை வைத்து உட்கார்ந்தாள். சட்டையை மாற்றி, தலையைத் துவட்டி, கையில் துணி சுற்றிக்கொள்ளத்தான் நேரம் இருந்தது. திரையில் இரண்டு வெள்ளைக்கார அம்மாக்கள், ஓரத்தில் ஐசக் சார். படம் பளிச்சென்று இருந்தது. அவளுக்குத் தெரிந்ததையெல்லாம் ஆங்கிலத்தில் கடகடவென்று சொன்னாள். காயம் ஆற்றுவது, மருந்து அளவு, வயதான நோயாளி கீழே விழுந்தால் என்ன செய்வது. அவர்கள் தலையாட்டினார்கள்.

அவள் பேசி முடித்த பிறகும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

நடுவில் சில முறை படம் உறைந்தது. ஐயோ என்று பதறினாள். திரும்பி வரும்போது யாரும் எரிச்சலாக இல்லை. ஒரு அம்மா குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி, ஏதோ அழகான பதிலைக் கேட்டவள்போலச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் செவ்வந்தி வாயே திறக்கவில்லை.

அந்த வாடை நெருக்கத்தில் வந்தது.

பெஞ்சு இடப்பக்கம் லேசாக அழுந்தியது.

அவள் திரும்பவில்லை. வேலை கிடைக்கும்வரை எந்தப் பக்கமும் திரும்புவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு திரையையே பார்த்தாள். கொஞ்சம் காத்திருங்கள், பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று அவர்கள் ஒலியை நிறுத்தினார்கள். மழைச் சத்தத்துக்கு நடுவில், காதோரம் அந்தக் குரல்.

"மேடம்… கேக்குதா?"

 இத்தனை வருஷமாக இதே கேள்வியைத் திவ்யா கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஒரு நாதியும் பதில் சொல்லவில்லை.

"கேக்குது திவ்யா" என்றாள். "நல்லா கேக்குது."

மழை சட்டென்று ஓய்ந்தது. திரையில் ஐசக் சார் ஒலியைத் திறந்தார். அவர் முகத்தில் சந்தோஷமும் சங்கடமும் கலந்திருந்தன.

"செவ்வந்தி, நல்லா பண்ணேம்மா. அவங்களுக்கு ரொம்பத் திருப்தி. ஆனா இடம் ஒன்னுதானே. அந்த இன்னொரு பொண்ண எடுத்துக்கறோம்ங்கறாங்க. பேரு திவ்யான்னு சொல்லிச்சே, அந்தப் பொண்ணு."

"சார்?"

"என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல ரெண்டு பேர் வர்றீங்கன்னு? பரவால்ல, நான் பேரச் சேத்துக்கறேன். உன் லைன் நின்னப்போ எல்லாம் அதுதான் பதில் சொல்லிச்சு. என்ன தெளிவு! படிச்சுக்கிட்டே இருந்திருக்கு போல. கையில கட்டுகூடப் போடாம அவ்ளோ காயத்தோட உக்காந்து பேசுதேன்னு அந்தம்மா அசந்து போயிட்டாங்க."

மாமன் மகன் ஞாபகம் வந்தது. ஆத்தோரம் ஞாபகம் வந்தது. பயம் வர வேண்டிய இடத்தில் செவ்வந்திக்குக் கோபம்தான் வந்தது. பறித்தவன் எதிர் வீட்டில் நிம்மதியாகத் தூங்குகிறான். பறிகொடுத்தவள் வந்து பறித்துக்கொண்டது இவளிடம். இவளிடம்தான் கை எட்டியது.

"அது என் எடம் சார்!" என்று கத்தினாள். "அவ ஆளே இல்ல சார்! எங்க கீறா அவ? சொல்லுங்க, எங்க கீறா?"

ஐசக் சார் முகம் சுளித்தார்.

"ஏம்மா என்கிட்ட கத்தற? உன்ன ஒட்டித்தானே உக்காந்திருக்கு. அதுகிட்டயே கேளு."

துணி சுற்றிய அவள் கையின்மேல் இன்னொரு கை வந்து படிந்தது. அது குளிர்ந்து, ஈரமாக இருந்தது. எடுக்கவே இல்லை.